வளையத்துக்குள் தலை

டோக்காய் மலையடிவாரத்தில் பீப்பாய் செய்து பிழைத்தவர் வெண்டெல். அவருடைய பீப்பாய்களில் நின்ற ஒயினைவிட ஒழுகிய ஒயினே அதிகம். ஆனாலும் திராட்சை அறுவடை விழாவில் பீப்பாய்க்காரர் பாட்டுக்கு முன்னிடத்தில் நின்று ஆடுவது அவர்தான். பீப்பாய் வளையத்தின் உட்புறம் நிரம்பிய கோப்பையை நிறுத்தி, தலைக்கு மேல் சுழற்றி, சிந்தாமல் விருந்தாளியிடம் நீட்ட வேண்டும். கோப்பை விழுந்தால் முன்னிடம் வேறொருவருக்குப் போய்விடும்.

கை நடுங்கத் தொடங்கிய ஆண்டில் வெண்டெல் கோப்பையை வச்சிரப் பசை போட்டு வளையத்தில் ஒட்டிவிட்டார்.

"நீ சுத்திருவ. குடிக்கிற ஆளு அதை எப்படிய்யா எடுப்பாரு?" என்றாள் மனைவி மார்கித்.

"அதை அப்பப் பாத்துக்கலாம். நீ ஊரைக் கூட்டாத."

ஆட்டம் பிரமாதமாக முடிந்தது. ஊர்த்தலைவர் கோப்பையை இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். வெண்டெல் வளையத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தலைவரே, தலையை உள்ள விடுங்க! அந்தக் காலத்துல அப்படித்தான் குடிப்பாங்க."

தலைவர் வளையத்துக்குள் தலையை விட்டு, தொட்டியில் மாடு குடிப்பதுபோல் உறிஞ்சினார். ஊரே கைதட்டியது. அடுத்த விழாவில் ஒலிபெருக்கி அதை முந்நூறு ஆண்டு வழக்கம் என்று அறிவித்தது. சாகும்வரை வெண்டெலை யாரும் முன்னிடத்திலிருந்து அசைக்கவில்லை.

அவருடைய அடக்கத்தன்று ஆட்டக்காரர்கள் குழியருகே நின்று, ஒருவர் பின் ஒருவராக வளையத்துக்குள் தலையை விட்டுப் பயபக்தியோடு குடித்தார்கள். மார்கித் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். பாதி அதுவும்தான்.