அபியைத் தூக்க எந்தப் பயிற்சி?

ஒரு விடுகதை. டம்பெல்லைத் தோளருகே பிடித்துத் தலைக்கு மேல் தள்ளினால் சுலபமாகப் போகிறது. அதையே கையை நீட்டிப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. எடை கூடவில்லை. கூடியது எது? தோளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பாதி நேரம் இந்தக் கேள்வியிலேயே போகும்.

தொண்ணூறுகளில், பிரெஞ்சு பேசும் ஊரில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்த உடற்பயிற்சிக்கூடத்தில் அந்தத் தொழிலைச் செய்தேன். புதிதாக வருபவர்களிடம் அகப்பட்டு விழித்தவர்களுக்கு இது புரியும்.

மேலேயா, பக்கத்திலா?

சிவம் அண்ணைக்கு சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு மேல் போவதில்லை. போன வருடக் கோவில் திருவிழாவில் மகள் அபியைத் தோளில் ஏற்றப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அவளுடைய மாமாதான் ஏற்றிச் சாமியைக் காட்டினார். இந்த வருடம் அவள் தன் தோளிலிருந்து பார்க்க வேண்டும் என்று அண்ணை வந்திருந்தார்.

தலைக்கு மேல் தள்ளுவது தோள் முழுவதற்கும், பக்கவாட்டில் தூக்குவது தோளின் வெளிப்பக்கத்துக்கும் என்று செய்து காட்டினேன். அண்ணை இரண்டையும் ஒருமுறை செய்து பார்த்தார்.

“மாஸ்டர், பிள்ளை மேலயும் போகவேணும், பேந்து பக்கத்தால இறங்கவும் வேணும். இப்ப நான் எதைச் செய்யிறது?”

மூன்றாவது வழி

பக்கத்து பெஞ்சில் சென்னைக்காரர் ராமநாதன், பொறியியலாளர். “குழந்தையை முன்னாடி இருந்துதானே சார் தூக்கணும்? அப்போ கையை முன்னால நீட்டித் தூக்குறதுதான் சரி” என்றார். யோசித்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. நான் ‘ஆமாம்’ என்றேன், உடனே ‘இல்லை’ என்றேன். சிவம் அண்ணை இரண்டு டம்பெல்லையும் கீழே வைத்தார்.

“நீங்கள் ரெண்டு பேரும் முதல் ஒரு முடிவுக்கு வாங்கோ. அதுவரைக்கும் நான் அந்தச் சைக்கிளை மிதிக்கிறன்.”

அரிசி மூட்டை

குறைந்த எடையோடு, உட்கார்ந்தபடி தலைக்கு மேல் தள்ளுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. ஆனால் அண்ணைக்கு நன்றாக வந்தது. வீட்டில் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக் காட்டினாராம். மனைவி சொன்னதை அவரே வந்து சொன்னார்.

“அரிசி பேசாமல் இருக்கும். உங்கட மகள் இருப்பாளோ?”

பட்டுப்பாவாடை

திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். அன்று அபிக்குப் புதுப் பட்டுப்பாவாடை. கசக்க வேண்டாம் என்று மனைவி சொன்னதால், அண்ணை அவளை உடம்பில் படாமல் கையை நீட்டித் தூக்கினார். பாதியில் கை நின்றுவிட்டது. சாமி வீதியின் திருப்பத்துக்கு வந்துவிட்டது. எனக்கு என் விடுகதையின் விடை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூடியது, தோளிலிருந்து எடை இருக்கும் தூரம்.

“அண்ணை, நெஞ்சோட அணைச்சுத் தூக்குங்கோ!” என்று கத்தினேன்.

“பாவாடை கசங்கட்டும், தூக்குங்கோ!” என்றார் மனைவி.

தூக்கிவிட்டார். அபி தோளில் ஏறி உட்கார்ந்தாள்.

“தெரியுதோ அம்மா?” என்று மகளைக் கேட்டார் அண்ணை.

“வீ, அப்பா,” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டாள். “சாமியின்ர குடை மட்டும் தெரியுது. மாமா உங்களைவிட உயரம்.”

அபி பக்கத்தில் நின்ற மாமாவின் தோளுக்குப் போனாள்.