நிறுக்கும் முன்னே பொறுக்கிய இலை

அன்றைக்கு மலையில் நின்றவர்கள் ஏழு பேர். ஒருவரையும் விடாமல் சொல்கிறேன். நோர்வூட்டில் இரும்புப் பட்டறை வைத்திருந்த சிவலிங்கம் தம்பி. கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகள் இரண்டு பேர்: நாங்கள் நோனா என்று கூப்பிட்ட ஒரு சிங்கள அம்மா, அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வந்த ஒரு ஐயா. தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தர்மராஜா. கொழுந்தெடுக்க என் மருமகள் விஜயா, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த மேரி, பிறகு நான். எனக்கு அப்போதே தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். "உங்க கை வேணும் அக்கா" என்று தம்பி கூப்பிட்டதால் போனேன்.

அந்த ஏழு பேரில் ஒருவர் போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை விஜயா மலையிலிருந்து போன் பண்ணினாள். "மாமி, பட்டறை அண்ணன் போயிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்." அடுப்பில் இருந்த ரொட்டி கருகும் வரை நான் அசையவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்களும் எழுதுங்கள் என்று அவர் மனைவி கமலா கேட்டார். எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்.

தம்பியை முதலில் நான் பார்த்தது எங்கள் லயத்து வாசலில். கொழுந்தெடுக்க ஒரு மெஷின் செய்யப் போவதாகச் சொன்னார். கையில் பிடிக்கிற கத்திரி, பேட்டரியில் ஓடும், முதுகில் பை. பெண்களுக்குத் தோள் வலி குறைய வேண்டும் என்றார். என் கையைப் பார்த்து, "அக்கா, எந்த விரல் புடிக்குது, எந்த விரல் முறிக்குது?" என்று கேட்டார். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தும் அதை நான் யோசித்ததே இல்லை. வெறும் காற்றில் பத்துத் தடவை முறித்துக் காட்டினேன். மேரி சிரித்தாள். "அண்ணே, இந்தக் கத்திரியால எங்க தலைமுடியையும் வெட்டி விடுவீங்களா?" அவர் கோபப்படவில்லை. "ஒனக்கு ஓசியில வெட்டுறேன் மேரி" என்றார்.

சின்னப் பட்டறைக்காரர்கள் புது மெஷின் செய்ய அரசாங்கம் ஆராய்ச்சி மானியம் கொடுக்கிறது என்று அவருக்குத் தெரிய வந்தது. கமலாதான் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று கடிதம் வந்தது. நல்ல மோட்டார் வாங்க, கத்திரிக்குப் பல் கடைய, அவருக்கு வேறு வழி கிடையாது. அந்த ஒரு நாளில்தான் எல்லாம் இருந்தது.

காலையில் பனி விலகவே இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு நிரை மெஷினால் வெட்டினோம். தம்பி பின்னாலேயே வந்தார். உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெட்டி முடித்ததும், செடி காயப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் தம்பியைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். கணக்கப்பிள்ளை தராசு எடுக்கப் போனார்.

நாங்கள் மூன்று பேரும் சாக்குப் படங்கைத் தரையில் விரித்தோம். பையைக் கொட்டினோம். முத்தின இலையையும் குச்சியையும் பொறுக்கி வெளியே போட்டோம். கொழுந்தெடுக்கிற எல்லாரும் நிறுக்கும் முன்னே செய்கிற வேலை அது. முத்தின இலை கிடந்தால் கணக்கப்பிள்ளை கூடையைத் தள்ளிவிடுவார். மெஷின் வெட்டினதை வெட்டினபடியே பார்க்கத்தான் அவர்கள் வந்தார்கள் என்று எங்கள் மூன்று தலைக்கும் ஏறவில்லை. பொறுக்க வேண்டாம் என்று தம்பியும் சொல்லவில்லை. எங்கள் கைக்கு யார் சொல்ல வேண்டும்?

நோனா இறங்கி வந்தார். விஜயா காலடியில் கிடந்த குவியலைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். ஐயா தமிழில் சொன்னார்: "இதை எடுக்கச் சொன்னது யார்? அறிக்கையில் எழுத வேண்டும்."

தர்மராஜா எங்கள் பக்கம் குனிந்து, "யாருடி கைய வச்சது? தோட்டத்துத் தொரை காதுக்குப் போகும். நாளையிலேர்ந்து பேரு கெடையாது" என்றார். பேர் இல்லை என்றால் வேலை இல்லை, கூலி இல்லை. விஜயா படங்கை விட்டுவிட்டு என் பின்னால் நகர்ந்தாள்.

எனக்குப் பேரும் இல்லை, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டும் இல்லை. என்னை யார் என்ன செய்ய முடியும்? "ஐயா, அது எங்க பழக்கம், நாந்தான்" என்று சொல்ல எழுந்தேன். "ஐயா" என்றதும் தம்பி குறுக்கே வந்துவிட்டார்.

"நாந்தான் பொறுக்கச் சொன்னேன். இவங்களுக்கு ஒன்னும் தெரியாது."

"தம்பி!" என்றேன்.

"அக்கா, நீங்க போயி தேத்தண்ணி ஊத்துங்க."

அந்தக் குரலில் அவர் அதுவரை என்னிடம் பேசியதில்லை. நான் போனேன். ஊற்றினேன். அந்த நோனா தேத்தண்ணியை வாங்கிக் கொண்டு, குடிக்காமல் கீழே வைத்தார்.

மானியம் கிடைக்கவில்லை. அடுத்த தடவை போட்ட விண்ணப்பமும், முந்தின சோதனையில் மோசடி நடந்தது என்ற ஒரு வரியோடு திரும்பியது. மோசடி! அடுத்த வீட்டு ஆணியைக்கூட எடுக்காத மனிதர். பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ஏன் தம்பி என் வாயை அடைச்சீங்க? பழக்கம்னு சொல்லியிருந்தா இன்னொரு தடவை வெட்டச் சொல்லியிருப்பாங்கள்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்லாமயும் இருந்திருக்கலாம். அப்ப விஜயா பேரும் சேர்ந்துல்ல போயிருக்கும்?"

அதற்குப் பிறகும் பட்டறையில் இரும்பு கேட் வேலைக்கும் கதவு வேலைக்கும் நடுவே அந்த மெஷின் பல்லை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். போவதற்குக் கொஞ்ச நாள் முன்னே என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த நாலு தேயிலைச் செடியை மெஷினால் வெட்டிக் கொட்டினார். "பொறுக்குங்க அக்கா" என்றார். பொறுக்கிப் பார்த்தேன். தள்ளிப் போட ஒரு இலைகூட இல்லை. அதைப் பார்க்க ஒரு அதிகாரியும் வரவில்லை.

தர்மராஜாவை மன்னித்துவிட்டேன், அவர் குணம் அது. நோனாவையும் மன்னித்துவிட்டேன், கண்ணால் கண்டதைத்தானே எழுதினார். கை பழகியபடி செய்த எங்கள் மூன்று பேரையும்கூட ஒரு மாதிரி மன்னித்துவிட்டேன். நல்லபடியாகப் போய் வாருங்கள் தம்பி. ஆனால் நான் சுமக்க வேண்டிய பழியை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, திருப்பித் தராமலே போனவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் சிவலிங்கம்.