ஏற்றத்துக்கு இரண்டு டர்போ

உங்கள் வீட்டுக் கூரைக்குப் போட்ட ஜல்லி எத்தனை டன் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. எத்தனை யூனிட் என்று கேட்டால் சட்டென்று சொல்வீர்கள். நம் ஊரில் ஜல்லிக்கு எடை கிடையாது. லாரியின் தொட்டிதான் அளவு. தொட்டி விளிம்புக்கு மேலே குவிந்து வந்தால் அனுப்பியவன் நியாயஸ்தன், விளிம்போடு நின்றால் திருடன். அந்தக் குவியலை மலைப்பாதையில் இறக்கிக்கொண்டு வந்தவனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திருத்தணியில் ஒருவர் பார்த்தார். டீசல் மேஸ்திரி இஸ்ரேல். அவரும் தாமதமாகத்தான் பார்த்தார்.

அரக்கோணம் சாலையில், டயர்க் கடைக்கும் எடைமேடைக்கும் நடுவே அவருடைய பட்டறை. லாரி இன்ஜின்களைப் பிரித்துக் கட்டுவது தொழில். சிலிண்டர் ஹெட்டுகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்துவிட்டது. சட்டையை மாட்டும்போது முதலில் வலது கையை விட்டு, மற்றதைப் பிறகு யோசிக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்கு இனிமேல் பெரிய வேலை எதுவும் வேண்டாம் என்றிருந்தது. ஆனால் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டின் ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போட மனைவி பெர்சிஸ் ஆசைப்பட்டாள். ஒழுகும் கூரையின் கீழ் பாத்திரம் வைத்து வைத்து அவளுக்கும் அலுத்துவிட்டது. அதனால் பெரிய வேலை வந்தபோது அவர் மறுக்கவில்லை.

கொண்டுவந்தவர் ஹரிஹரன். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குவாரியிலிருந்து பொதட்டூர்பேட்டை, மணவூர் வரைக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கு ஜல்லி ஓட்டுகிற டிப்பர் முதலாளி. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர்; இன்ஜின் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. குவாரியிலிருந்து பாதை ஒரு குன்றின்மேல் ஏறி இந்தப் பக்கம் இறங்குகிறது. குவித்த லோடோடு அந்த ஏற்றத்தில் அவருடைய பழைய ஆறு சிலிண்டர் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது. ஒரு டர்போ போதவில்லை, இரண்டு போட வேண்டும் என்றார். எந்த விதமாகப் போடுவது என்பதை இஸ்ரேலே முடிவு செய்யலாம் என்றும் சொன்னார்.

வண்டியை ஓட்டிவந்த துளசிங்கம் பானட்டில் சாய்ந்துகொண்டு நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வாயில் மட்டும் கொழுப்பு.

"போட்டுக் குடுத்துடுங்க மேஸ்திரி. ஃபர்ஸ்ட் கியர்லயே ஏறிகினு கெடந்து, குவாரில என் பேரையே ஃபர்ஸ்ட் கியருன்னு மாத்திட்டானுங்க."

டர்போ என்பது இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே அதிகக் காற்றை அமுக்கித் திணிக்கும் சக்கரம். காற்று கூடினால் டீசல் முழுதாக எரியும், இழுவை கூடும். இஸ்ரேல் சில நாள் யோசித்தார். ஒன்றையே பெரிதாகப் போட்டால் அது சுழன்று வேகம் பிடிப்பதற்குள் வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஒரே அளவில் இரண்டைப் போட்டு ஆளுக்கு மூன்று சிலிண்டர் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் ஸ்டியரிங் கம்பி போகும் பக்கம் இரண்டாவதற்கு இடமில்லை. மிஞ்சியது சிறிதும் பெரிதும் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது. சிறியது ஏற்றத்தின் அடியிலேயே விழித்துக்கொள்ளும், அது விட்ட புகையில் பெரியது சுழலும். இழுவை அடியிலிருந்து உச்சிவரை குறையாது. ஹரிஹரன் இதைத்தான் எதிர்பார்த்திருந்தார். துளசிங்கம் பட்டறைச் சுவரில் கரித்துண்டால் இரண்டு வட்டம் வரைந்து, பெரியதற்கு மீசை வைத்தான்.

இடத்தை அளந்து பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பெரிய டர்போ உட்கார வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு மூடி இருந்தது. இறக்கத்தில் அதை மூடினால் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் என்பார்கள். சக்கரத்து டிரம் பிரேக் சூடேறிச் செத்துவிடாமல் காப்பாற்றுவது அதுதான். அதை எடுத்துவிட்டு டர்போவை வைக்கலாம். அல்லது புதிதாகக் குழாய் வளைத்து, காற்று ஓஸ் இழுத்து, பெரிய டர்போவுக்குப் பின்னால் தள்ளி வைக்கலாம். இரண்டாவதற்குக் கூடுதல் நாளும் வேலையும் ஆகும்.

எடுத்துவிடச் சொன்னார் ஹரிஹரன். டிரம்மில் பிரேக் இருக்கிறதே என்றார்.

"டிரம்மு சூடேறினா புடிக்காது மொதலாளி. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதுக்குத்தான் டிரைவரு."

கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். கையில் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்ற துளசிங்கம் டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

மூடி இல்லாமல் வண்டி இந்தப் பட்டறையை விட்டு வெளியே போகாது என்றார் இஸ்ரேல். வீரமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். சண்டை போடத் தெம்பில்லாதவர்கள் பிடிவாதம் பிடித்தால் அசைப்பது கஷ்டம். ஹரிஹரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். இஸ்ரேல் ஒரு கையால் தோளை அமுக்கிக்கொண்டு குழாயை வளைத்து மூடியைப் பின்னால் பொருத்தினார்.

வண்டி தயாரானதும் மலையடிவாரத்தில் பூசை நடந்தது. பானட்டில் திருநீற்றுப் பட்டை, டயருக்கடியில் எலுமிச்சை. அதற்கு முந்தின நாள் பெர்சிஸ் அழைத்துவந்த பாஸ்டரும் அதே பானட்டில் கை வைத்துக் கண்மூடி ஜெபித்திருந்தார். எலுமிச்சை நசுங்கியது, ஜெபம் முடிந்தது, டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் பிரேக் லைனிங் ஒரு நூல்கூடத் தடிக்கவில்லை. ஒரு மனிதன் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமானால் இரும்பையும் எடையையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு வானத்தைப் பார்ப்பது எவ்வளவு வசதி!

முதல் நடையில் வண்டி ஏற்றத்தை மூன்றாவது கியரிலேயே கடந்தது. துளசிங்கம் உச்சியிலிருந்தே போன் போட்டு, தன் பேரை மறுபடி மாற்றிவிட்டதாகச் சொன்னான். இஸ்ரேல் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை மனதுக்குப் பிடித்ததுபோல் வந்திருந்தது.

அந்தத் திருப்தி கொஞ்ச நாளில் போனது. ஒரு நாள் பட்டறையைத் தாண்டிப் போன அதே வண்டியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தொட்டியின் நாலு பக்கமும் பலகை அடித்து உயர்த்தியிருந்தார்கள். அதற்கும் மேலே குவியல். இன்ஜினின் பாரத்தைக் குறைக்கத்தான் டர்போ என்று இஸ்ரேல் எண்ணியிருந்தார். வலிமை கூடியதும் அதன் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். உழைக்கிறவனுக்கு நடப்பதும் இதுதான், இரும்புக்கு நடப்பதும் இதுதான்.

பிறகு ஒரு நாள், மதியம் திரும்பும் நேரத்தில், டிப்பர் பட்டறை வாசலில் வந்து நின்றது. பின் சக்கரங்களிலிருந்து வெண்புகை வந்துகொண்டிருந்தது. ரப்பரும் லைனிங்கும் தீய்ந்த நாற்றம். துளசிங்கம் கதவைத் திறந்தான், ஆனால் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். முகத்தில் ரத்தமில்லை. சீட்டுக்குக் கீழிருந்து எதையோ எடுத்து இஸ்ரேலின் கையில் கொடுத்தான். கரி படிந்த அந்த மூடி.

நடந்ததை அவன் துண்டுதுண்டாகச் சொன்னான். கரி ஏறி மூடி பாதியில் சிக்கிக்கொண்டதால் ஏற்றத்தில் இழுவை குறைந்தது. இஸ்ரேலிடம் வந்தால் ஒரு நாள் நிற்கும் என்று முதலாளி குவாரிப் பக்கத்துப் பட்டறையில் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னார். இன்றைய இறக்கத்தில் பாதி வழியில் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போனது. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய ஒரு ஷேர் ஆட்டோ. கியரைப் பிடுங்கி இறக்கி, ஓரத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசி உரசி வண்டியை நிறுத்தியிருக்கிறான். பிரேக் கொஞ்சம் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து இங்கே வந்தான்.

"மொதலாளிக்குத் தெரியாம திருப்பி மாட்டிக் குடுங்க மேஸ்திரி. வீட்ல அனுசுயா மாசமா கீது. நான் இன்னும் அதுக்குச் சொல்லல."

"இன்னாத்த சொல்லல?"

"இன்னிக்கி பொழச்சதத்தான்."

இஸ்ரேல் தண்ணீர் கொடுத்தார். அவர் மூடியை டீசலில் ஊறப்போட்டுக் கரியைச் சுரண்ட ஆரம்பித்தார். சும்மா இருக்க முடியாமல், இவ்வளவு லோடு யாருக்கு என்று கேட்டார்.

துளசிங்கம் தரையைப் பார்த்தான். "உங்களுக்குத்தான் மேஸ்திரி. அக்கா போன் பண்ணி, நல்லா குவிச்சு அனுப்பச் சொன்னாங்களாம். மொதலாளி நின்னு பார்த்து ஏத்தினாரு."

சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

வாசலுக்கு வந்திருந்த பெர்சிஸ் கேட்டுவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாரும் அப்டித்தானேங்க கேக்கறாங்க" என்றாள். அது உண்மை. அவளைத் திட்ட இஸ்ரேலுக்கு வாய் வரவில்லை. முந்தின வாரம், ஜல்லிக்குச் சொல்லியாயிற்று என்று அவள் சொன்னபோது, ஹரிஹரன் நமக்குக் குறைக்க மாட்டார் என்று அவரே சொல்லியிருந்தார். பெரியது, சிறியது, ஒரே அளவு என்று நாள்கணக்கில் யோசித்தவர் தொட்டிக்கு எவ்வளவு உயரம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அது தன் வேலையில்லை என்று நினைத்திருந்தார்.

மூடியை மாட்டி முடித்துவிட்டு அவர் ஹரிஹரனைப் பார்க்கப் போனார். மறைக்காமல், திருப்பி மாட்டிவிட்டேன் என்றார். இதைக் காரணம் வைத்துத் துளசிங்கத்தை நிறுத்தினால் இனி எந்த வண்டியையும் தொடமாட்டேன், பலகையையும் எடுத்துவிட வேண்டும் என்றார்.

ஹரிஹரன் அவரை உட்காரவைத்தார். துளசிங்கத்தை நிறுத்தமாட்டேன், மூடியும் இருக்கட்டும் என்றார். பிறகு அவரும் களைத்த குரலில்தான் சொன்னார்.

"பலகைய இன்னிக்கே எடுத்துடறேன்னு வெச்சுக்க இஸ்ரேலு. சமமா அனுப்பறேன். நாளைக்கு ஒருத்தன் வாங்குவானா சொல்லு. உன் வீட்டுலயே குவிச்சுதான கேட்டாங்க?"

முதலாளியின் பேராசைக்கு நாம் எழுதிக்கொடுத்த அனுமதி அந்தக் கேள்வி. பலகை அடித்தது ஹரிஹரன்தான், கழற்ற வேண்டியவரும் அவர்தான். அதில் அவருக்கு மன்னிப்பில்லை. ஆனால் குவியலைக் கேட்டு வாங்கியவர்கள் தெருத்தெருவாக இருக்கிறோம். மேஸ்திரி மறுத்தால் வேறு மேஸ்திரி, ஓட்டுநர் மறுத்தால் வேறு ஓட்டுநர். வாங்குகிறவன் மறுத்தால் மட்டும் முதலாளிக்கு மாற்று ஆள் கிடையாது.

தளத்துக்கு இன்னும் ஒரு லோடு வேண்டியிருந்தது. இந்த முறை பெர்சிஸே போன் செய்தாள். விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும், பலகை இருக்கக்கூடாது, எடை போட்டு எடைச்சீட்டோடு வர வேண்டும், மேலும் ஒரு நடை ஆனாலும் பரவாயில்லை என்றாள். ஹரிஹரன் இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டுச் சரி என்றாராம்.

துளசிங்கம் வந்தான். வண்டி பார்ப்பதற்கு மொட்டையடித்ததுபோல் இருந்தது. எதிர்வீட்டு கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பெர்சிசு, பாதி லோடுதான் வந்துகீது? நல்லா ஏமாத்திட்டானுங்க உன்ன" என்றாள். பெர்சிஸ் விளக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். துளசிங்கம் சக்கரத்தருகே போய் டிரம்மின்மேல் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. இஸ்ரேலைக் கூப்பிட்டு அவருடைய கையையும் வைக்கச் சொன்னான். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஆங், இன்னிக்கி வந்துகினே பாட்டு கேட்டேன் மேஸ்திரி" என்றான்.

மறுநாள் அதே வண்டி பலகையோடு பட்டறையைக் கடந்து போனது. மேலே குவியல். மணவூரில் யாரோ வீடு கட்டுகிறார்களாம். துளசிங்கம் கையசைத்தான். இஸ்ரேலால் வலது கையைத் தூக்க முடியவில்லை, இடது கையைத் தூக்கினார்.

அந்த மணவூர்க்காரர் நீங்களாகக்கூட இருக்கலாம். அடுத்த முறை உங்கள் வாசலில் ஜல்லி வந்து நின்றால் குவியலைப் பார்த்துப் பூரிக்காதீர்கள். எடைச்சீட்டைக் கேளுங்கள். இனி விளிம்புக்கு மேலே ஒரு கல்லும் வேண்டாம் என்று முதலாளிக்கு அங்கேயே போன் போட்டுச் சொல்லுங்கள். ஓட்டிவந்தவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.