சேவல் கூவினால் ஒரு பார்சல்

கொட்டாஞ்சேனையில் சீனியம்மா ஆன்ட்டி என்று ஒருவர் இருக்கிறார். நான்கு சதவீதம் சார்ஜ் உள்ள ஒரு போனை அவர் கையில் கொடுத்தால், கொழும்புத் துறைமுகத்தையே ஒரு கிழமை, ஏழு நாளும் நடத்திக் காட்டுவார். கப்பல் வரும், கிரேன் இறங்கும், சுங்க அதிகாரிகள் வரிசையில் நின்று சலாம் போடுவார்கள். கிழமை முடிவில் போனைத் திருப்பிப் பார்த்தால் மூன்றரை சதவீதம் மிச்சமிருக்கும். மற்ற நாடுகளில் அணுமின் நிலையம் கட்டுகிறார்கள். எங்கள் லேனில் சீனியம்மா ஆன்ட்டி இருக்கிறார்.

தொழில் சோத்துப் பார்சல். காலை பத்து மணிக்குள் ஓடர் வந்துவிட வேண்டும். ஓடர் வருவது பேச்சில் இல்லை, ரிங்கில். ஒரு ரிங் விட்டு வெட்டினால் ஒரு பார்சல், ஆறு விட்டு வெட்டினால் ஆறு. ஆன்ட்டி எடுக்கவே மாட்டார். ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்ட் காவல்காரர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களும், கடைப் பையன்களும் எண்ணி வெட்டப் பழகிவிட்டார்கள். அடித்தவர் யார் என்பதை நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தில் பிடிப்பார். "ஏழு நாலு நாலு, அஞ்சு" என்று பருப்புச் சட்டியைப் பார்த்தபடியே சொல்லுவார். யார்ட்டில் ஐந்து பேருக்குப் பசி என்று அர்த்தம்.

சில நாளில் நெட்வேர்க் பிழை விட்டு ஒரு ரிங் கூடிப் போகும். அந்தப் பார்சல் ஸஹாப்தீன் நானாவுக்கு. பார்சல்களைத் தன் த்ரீவீலில் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். நெட்வேர்க் தினமும் பிழை விட வேண்டும் என்று துஆ கேட்கிற ஒரே மனுசன் இந்த நாட்டில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"வட்ஸ்அப்ல போடச் செல்லுங்களே ஆன்ட்டி, லேசுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேட்டரியக் குடிக்கும்டி அது" என்றார். கதை முடிந்தது.

அந்தப் போனையும் சொல்ல வேண்டும். ஒரு மூலை உடைந்து, பின்மூடி கழன்று விழாமல் ரப்பர் பேண்ட் போட்டது. வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்திருப்பார். பார்க்கிறவர்களுக்குக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். சார்ஜர் குத்தும் இடம் தளர்ந்து போனதால் வயரை ஒரு பக்கம் சாய்த்து, கொஞ்சம் மேலே தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஏறும். கையை எடுத்தால் நின்றுவிடும். தப்பித் தவறி யாரோடாவது பேச வேண்டி வந்தால் ஹலோவும் கிடையாது, சுகமும் கிடையாது. "சொல்லு" என்று தொடங்குவார், "வை" என்று முடிப்பார். நடுவில் பேசுவது மற்றவர் வேலை.

போன வருஷம் அந்தப் போனின் ரிங்கைச் சேவல் கூவலாக மாற்றிவிட்டேன். மறுநாள் விடிய லேன் முழுக்கக் கேட்கும்படி, "எவடி என் போனுக்குள்ள கோழிய விட்டவ?" என்று அகப்பையோடு வந்தார். நான் நல்ல பிள்ளையாகக் குர்ஆன் ஓதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே, அடுப்புச் சத்தத்திலும் கேட்கிறது, எண்ணவும் லேசு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து சேவல் ஒரு தரம் கூவினால் ஒரு பார்சல்.

அவர் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பித் திரும்பக் கூட்டிவந்தே இவர் வளர்ந்தார். கலியாணம் முடித்து எங்கள் லேனுக்கு வந்தார். புருஷன் லொறியில் கிளீனராகப் போய், வேறு ஊரில் வேறு குடும்பம் ஆகிவிட்டார். அதைப் பற்றி ஆன்ட்டி சொல்வது ஒரே வரி: "அவரு ரிங் கட்." இருந்த ஒரே மகள் நிரோஷாவைப் பார்சல் கட்டியே வளர்த்துப் படிக்க வைத்தார். அவளோ ஜீவராஜ் என்ற பையனை விரும்பிக் கலியாணம் முடித்து, அம்மா இறங்கி வந்த அதே மலைக்கு ஏறிப் போனாள். அங்கே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் புருஷன், ஒரு கைக்குழந்தை. இரவில் ஒரு ரிங் விட்டு வெட்டுவாள். சுகம் என்று அர்த்தம். ஆன்ட்டி திருப்பி ஒரு ரிங் விட்டு வெட்டுவார். பத்து வீடு தள்ளி இருக்கிற எனக்கே அந்தச் சேவல் கூவினால்தான் நித்திரை வரும்.

நாடு முழுக்க அந்தப் பெருமழை வந்தபோது முதலில் கரண்ட் போனது. களனி கங்கை ஏறி ஒருகொடவத்தை யார்ட்டுகளுக்குள் தண்ணீர் என்றார்கள். ஓடர் ஒன்றுமில்லை. மலைப் பக்கம் மண் சரிகிறது என்று ரேடியோவில் ஊர் ஊராகச் சொன்னார்கள். முதல் நாள் பின்னேரம் நிரோஷா அக்கா வெட்டாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். ஆன்ட்டி எடுத்தார்.

"அம்மா, மேல மண்ணு உறுமுற மாதிரி சத்தம் கேக்குதும்மா."

"பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய போங்க. சாமான் சட்டி எதையும் பாக்காத."

"மழைம்மா, எங்க போ—"

அதோடு லைன் போனது. அதற்குப் பிறகு எத்தனை தரம் திருப்பி அடித்தாலும் ரெக்கோர்டிங் குரல்தான். அன்று இரவு சேவல் கூவவில்லை. விடிந்தபோது ஆன்ட்டியின் போனில் பதினொரு சதவீதம். லேனில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை. பவர் பேங்க் வைத்திருந்தவர்களும் அதை முதல் நாளே குடித்து முடித்திருந்தார்கள்.

பதினொரு சதவீதம் சீனியம்மா ஆன்ட்டிக்கு ஒரு மாதத்துக்குப் போதும். ஆனால் ஊரின் அன்பு என்று ஒன்று இருக்கிறதே, அதற்குப் பேட்டரி தெரியாது. செய்தி கேள்விப்பட்ட ஆட்களெல்லாம் விசாரிக்க அடிக்கத் தொடங்கினார்கள். ஹெவ்லொக் டவுன் வீட்டு மிஸ், வெள்ளவத்தையில் இருக்கிற அவருடைய தங்கச்சி, துறைமுக ஆட்கள். ஒவ்வொரு கூவலுக்கும் ஆன்ட்டி பாய்ந்து போய் நம்பரைப் பார்ப்பார். நிரோஷா இல்லை. எடுக்காவிட்டால் இன்னும் பயந்து திரும்ப அடிப்பார்கள். எடுத்தால், "ஐயோ, ஒரு நியூஸும் இல்லையா?" என்று அழுவார்கள். பதினொன்று ஒன்பதாகி ஏழானது. நான் லேனில் வாசல் வாசலாகப் போய், "போன் அடிக்காதீங்க, அவட பேட்டரிதான் சாகும், நடந்து வந்து கேளுங்க" என்றேன். நடந்து வந்தார்கள். குசினிக்குள் பதினைந்து பேர், பதினைந்து யோசனை. ஆன்ட்டி யாரும் கேட்காத சோற்றைச் சமைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத கை.

மத்தியானம் போல் சேவல் கூவியது.

போன் சுவர்த் தட்டில் இருந்தது. பாய்ந்து பாய்ந்து களைத்துப் போன ஆன்ட்டி பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். வாய் தானாக எண்ணத் தொடங்கியது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." இத்தனை வருஷப் பழக்கம். யாரும் குறுக்கே பேசவில்லை, எங்களுக்கும் அதே பழக்கம்தான். பதினைந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கூட எண்ணினோம். "ஏழு... எட்டு... ஒம்பது."

நின்றது.

"ஒம்பது பார்சலா?" என்றார் ஆன்ட்டி. "இந்த வெள்ளத்துல எவன்டா ஒம்பது பார்சல்..."

அகப்பை சட்டிக்குள் விழுந்தது. போனை எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர்.

திருப்பி அடித்தோம். ரெக்கோர்டிங். திரும்பவும் அடித்தோம். ரெக்கோர்டிங். மூன்று சதவீதம். அவர் முகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. குசினிக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய் மழையில் நின்றார்கள்.

"சிம்மைக் கழட்டித் தாங்க, எங்கயாவது சார்ஜ் ஈக்கிற போன்ல போட்டு வெச்சிக்கொள்ளுவோம்" என்றேன்.

"கழட்டுற நேரம் பாத்து அவ அடிச்சா?"

 ஸஹாப்தீன் நானாதான் லேன் வாசலில் இருந்து கத்தினார். "த்ரீவீல்ல குத்துவோம் தங்கச்சி! என்ட வண்டிப் பேட்டரியும் கிழவன்தான், ஆனா ஒரு போனுக்குக் காணும்!"

பின் சீற்றில் ஆன்ட்டியும் நானும். இரண்டு பக்கமும் மழைப் படங்கை இழுத்துவிட்டு, எஞ்ஜினை ஓடவிட்டு, நானா மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். உள்ளே இருந்தால் ஆன்ட்டியைப் பார்க்க வேண்டி வரும், அதுதான். போன் என் மடியில். வயரைச் சாய்த்து, கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தேன். மூன்று. வெகு நேரம் மூன்று. பிறகு நான்கு. விரல் மரத்துக் கொஞ்சம் அசைந்தால் நின்றுவிடும். திரும்பக் குத்தும்போது போன் "டிங்" என்னும்.

ஆன்ட்டி முதல் நாள் பகலுக்குப் பிறகு ஒரு பருக்கை தொடவில்லை. யாரோ மடியில் வைத்த பார்சல் பிரிக்காமல் இருந்தது. உதடு காய்ந்து, கண் ஒரே இடத்தில் நின்றது.  எனக்கு மழையை விட அதுதான் பயமாக இருந்தது.

கை நழுவியது. திரும்பக் குத்தினேன். டிங்.

"என்னா அது?" திடுக்கிட்டுத் திரும்பினார்.

வயர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கண்ணைப் பார்த்தேன்.

"மெசேஜ்" என்றேன்.

"யாரு?"

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு வாசித்தேன். "அம்மா, நாங்கள் எல்லாரும் ஸ்கூலில் இருக்கிறோம். சுகம். போனில் சார்ஜ் இல்லை. பிறகு பேசுகிறேன். சாப்பிடுங்கள். நிரோஷா."

மழை படங்கில் அடித்தது. ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடவும் சொல்லுதா?"

"ஓம். செல்லுது."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். பிறகு பார்சலைப் பிரித்தார். ஒரு வாய் வைத்தார். இரண்டாவது உருண்டையை, வயர் பிடித்திருந்த எனக்கு ஊட்டிவிட்டார். அடுத்தது அவருக்கு, அதற்கடுத்தது எனக்கு. அப்படியே முழுப் பார்சலும் முடிந்தது. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் விட்ட புளுகுகளில் இதுதான் ஆகத் திறமானது என்று மனதுக்குள் மெடல் குத்திக்கொண்டேன். அதே மனதில் இன்னொன்றும் ஓடியது. அந்த நம்பர் இனி அடிக்காவிட்டால், இந்த மனுசிக்கு நான் என்ன முகத்தைக் காட்டுவது?

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன் சேவல் கூவியது.

"ஒண்ணு" என்றது ஆன்ட்டியின் வாய். அதற்குள் நான் பட்டனை அமத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா..."

"சொல்லு" என்றார் ஆன்ட்டி. குரல் உடைந்திருந்தது, ஆனால் சொன்னது அதைத்தான். "எத்தன பேரு இருக்கீங்க?"

"மூணு பேரும் இருக்கோம்மா. ஃபேக்டரில படுத்திருக்கோம். பாப்பாக்குக் காச்சல். மத்தியானம் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா போன்ல அடிச்சேன். நீங்க எண்ணிக்கிட்டுத்தான் இருப்பீங்கன்னு தெரியும். இப்ப எடுப்பீங்க, இப்ப எடுப்பீங்கன்னு விட்டேன். அவரு போனும் செத்துருச்சு. இப்பதான் என் போனுல கொஞ்சம் சார்ஜ் ஏத்தினேன்." மூச்சு வாங்கியது. "லயம் இல்லம்மா. எங்க லயமே இல்ல. பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா... ரெண்டு புள்ளைங்களும்... இன்னும் தோண்டிக்கிட்டுத்தான் இருக்காங்க."

ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஸஹாப்தீன் நானா "யா அல்லாஹ்" என்றது கேட்டது.

"பாப்பாவ நெஞ்சோட வச்சுக்க. ஈரத்துணி மாத்து. வை. சார்ஜ மிச்சம் வச்சுக்க. வை."

அவள் வைத்தாள். இதற்குள் வயர் கழன்று கிடந்தது. நான் அதைத் தேடிக் குத்தினேன்.

டிங்.

ஆன்ட்டி கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இது என்னா எழுதியிருக்கா?"

"இது... இது வயர், ஆன்ட்டி."

"அப்ப அது?"

எனக்குப் புளுகு ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

"அவ ஒருநாளும் எனக்கு எழுத மாட்டாடி" என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும்."

மழைக்குள் யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது. நான் அவர் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிக்கிட்டே ஏன் சாப்பிட்டீங்க?"

"நேத்துலேருந்து நீயும் எங்கடி சாப்பிட்ட?" என்றார் சீனியம்மா ஆன்ட்டி. "நான் வாய் வச்சாத்தானே நீ தின்னுவ. வயர நேராப் பிடி."