தாய்மாமன் வீட்டுத் தொப்பி

என் கணவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தொப்பி பின்னினார். அதைப் பற்றி இன்றைக்கும் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பின்னிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதைச் சொன்னால், "இதுக்குப் போயா இம்புட்டுக் கோவம்?" என்று கேட்கிறார்கள். ஆமாம், இதுக்குத்தான். வேறு எதற்குக் கோபப்பட வேண்டும் என்று நினைக்கிறார்கள், தெரியவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் கான்வென்ட் சிஸ்டர்களிடம் குரோஷா கற்றுக்கொண்டவள் நான். கொக்கி வைத்த சின்ன ஊசியும் ஒரு உருண்டை நூலும் இருந்தால் போதும், பஸ்ஸில் போகும்போதுகூடக் கை ஓடும். கல்யாணப் பெட்டியில் என் கையால் பின்னிய மேசை விரிப்பும் டிவி உறையும் கொண்டுவந்தேன். டிவி மெலிந்து சுவரில் ஏறிய பிறகு, அந்த உறை தண்ணீர்க் கேன் மேல் போனது. மேசை விரிப்பு எங்கே போனது என்று ஒருநாள் தேடினேன். என் மாமியார் அதை நாலாக மடித்து, அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"துணி நல்ல தடிப்பா இருக்குளா, கை சுடவே இல்ல" என்றார். பாராட்டுகிறாராம்.

யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் எனக்குத்தான் போன் வரும். "நீ சும்மாத்தான இருக்க, ஒரு குட்டி சூ போட்டுக் குடேன்" என்பார்கள். அந்தச் சும்மாவைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடிந்தால் மீன் ஆய வேண்டும், மாமியாருக்குத் தனியாகக் கஞ்சி வைக்க வேண்டும், மகளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், தண்ணீர் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வேண்டும். இதற்கெல்லாம் நடுவில், குக்கர் விசில் வரும்வரை நாலு வரி, கரண்ட் வரும்வரை நாலு வரி என்று பின்னுவது எப்படிச் சும்மா ஆகும்? அவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவதால் நான் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தமாகிவிட்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பும் தொப்பியும் தாய்மாமன் வீட்டிலிருந்து போக வேண்டும். என் கணவருக்கு அக்காமார், தங்கச்சி என்று உடன்பிறந்தவர்கள் எல்லாருமே பெண்கள். அப்படியானால் தாய்மாமன் யார்? அவர்தான். பின்னுவது யார்? நான்தான். அக்காமார் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் உடுப்பு போயிற்று. ஒவ்வொரு விருந்திலும் மைக்கைப் பிடித்து, "தாய்மாமன் போட்ட உடுப்பு" என்று சொன்னார்கள். உடுப்பில் ரோஜாப்பூ இருந்ததா, மீன் இருந்ததா என்று கேட்டால் அந்தத் தாய்மாமனுக்குத் தெரியாது. அவர் விசைப்படகு ஓட்டுகிறவர். விருந்துக்கு நேரே கரையிலிருந்து குளித்துவிட்டு வந்து, சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார்.

அவருடைய ஒரே தங்கைக்கு நெடுநாள் கழித்துப் பிள்ளை உண்டானபோது, அவளே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, என் பிள்ளைக்கு நீங்கதான் போடணும். கடையில வாங்கினது வேண்டாம்" என்றாள். நீங்கதான் என்றாள். அந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். இந்த ஒரு தடவையாவது இது என் கை வேலை என்று சபையில் சொல்லியாக வேண்டும். சால்வை வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சொன்னால் போதும்.

கணவரிடம் நேராகவே சொன்னேன். "மைக்குல என் பேரச் சொல்லணும். நான் போட்டதுன்னு சொல்லணும்."

"சொன்னாப் போச்சு. இதுல என்ன இருக்கு" என்றார்.

இதில் என்ன இருக்கு என்று கேட்கிறவருக்கு அதைச் சொல்வதில் மட்டும் என்ன கஷ்டம் இருந்ததோ.

பிள்ளை பிறந்தது. நான் உடுப்பைப் பாதி முடித்திருந்த நேரத்தில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. தடைக்காலத்தில் வீட்டில் ஆம்பிளை இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தெருப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். முதல் வாரம் ஃபேனைக் கழற்றி மாட்டினார். அடுத்த வாரம் கிழிந்து கிடந்த வலையெல்லாம் பொத்தி முடித்தார். அதன்பிறகு கை அரித்திருக்க வேண்டும், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏளா, இதென்ன பெரிய வித்த? வலைதான இதுவும்? குடு, நான் ஒண்ணு போடுதேன்."

கொடுத்தேன். கண்ணி எப்படிப் போடுவது, கண்ணிக்குள் கண்ணியை எப்படி இழுப்பது என்று காட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"முடிச்சே இல்லாம இது எப்படி நிக்கும்?" என்றார்.

"நிக்கும். அப்படித்தான் போடணும்."

"ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் போயிரும்லா. வலைன்னா ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு."

"இது வலை இல்லங்க. பச்சப் பிள்ளை தலையில போடுறது."

கேட்டால்தானே. சின்ன வயதிலிருந்து வலை பொத்திய கை அது. ஒவ்வொரு கண்ணியிலும் வலைக்காரன் முடிச்சைப் போட்டு, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினார். அதுவும் என்னுடைய நல்ல நூலில், பஜாரில் அண்ணாச்சியிடம் சொல்லிவைத்து வரவழைத்த மெல்லிய வெள்ளை நூலில். முடித்து மேசைமேல் வைத்தபோது அந்தத் தொப்பி கிண்ணம் போலத் தானாக நின்றது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், அரிசியில் கல் கிடப்பது போல ஒவ்வொரு முடிச்சும் விரலில் தட்டியது.

நான் பின்னும்போது ஒரு நாளும் போனை என் பக்கம் திருப்பாத என் மகள், "அப்பா, ஊசியப் பிடிச்சிட்டு இங்கன பாருங்க" என்று வீடியோ எடுத்தாள். அதற்குப் பாட்டு வேறு போட்டுக் குடும்பக் குரூப்பில் விட்டாள். அவ்வளவுதான். துபாயிலிருந்து ஒருத்தர், மஸ்கட்டிலிருந்து ஒருத்தர், கப்பலில் இருக்கிற மச்சான் ஒருத்தர் என்று வாழ்த்து வந்து குவிந்தது. கடலுக்குப் போகிற ஆம்பிளை தங்கச்சி பிள்ளைக்காக ஊசி பிடித்தானாம். நெஞ்சு உருகிவிட்டதாம். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாசத்துக்கு உதாரணமாக இதைத்தான் சொன்னார். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் மவன் தொட்டா எந்த வேலையும் வரும்" என்றார். கட்டிலில் நான் முடித்த உடுப்பு விரித்துக் கிடந்தது. அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

"தொப்பி பிள்ளைக்கு உறுத்தும் மாமி" என்று சொன்னேன்.

"பொறாமப்படாதளா" என்றார்.

பொறாமை. கட்டின புருஷன் மேல் எனக்குப் பொறாமையாம். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்றே எனக்கு நினைவில்லை. யாரும் சொல்லவுமில்லை, கோபம் முகத்தில் அப்படித் தெரிந்திருக்கும். அந்த வாரமே உடுப்புக்குப் பொருத்தமாக நானும் ஒரு தொப்பி பின்னி, பிள்ளையின் பையில் அடியில் வைத்தேன்.

ஞானஸ்நானத்தன்று என் உடுப்பும் அவர் தொப்பியுமாகப் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கி வந்தார்கள். வாசலிலேயே அழ ஆரம்பித்தது. பால் கொடுத்தார்கள், தட்டிக்கொடுத்தார்கள், பிள்ளைக்கு வெக்கை என்றார்கள், கண்ணேறு என்றார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றத் தொப்பியைக் கழற்றினதும் அழுகை நின்றது. நெற்றியைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாக முடிச்சின் தடம். பிள்ளையின் தாய், என் நாத்தனார், அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் பையைக் கண்ணால் காட்டினேன். சாமியார் தைலம் பூசி முடித்ததும், அவர் தொப்பியைப் பைக்குள் போட்டுவிட்டு, அடியிலிருந்து என் தொப்பியை எடுத்துப் பிள்ளைக்குப் போட்டாள். பிள்ளை தூங்கிவிட்டது. அந்தத் தள்ளுமுள்ளில் வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை.

மண்டபத்தில் விருந்து. பிரியாணி இறக்கிக்கொண்டிருந்தார்கள். குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்திருந்த என் கணவரின் அத்தை, குடும்பத்துக்கே பெரியவர், பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார்.

"யம்மா, பூ மாதிரி இருக்கு. வலை இழுத்துக் காச்சுப் போன கையில இது எப்படிவே வந்துது?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். என் மகள் போனைத் தூக்கினாள். மைக் வைத்திருந்த அவர் அக்கா வீட்டு மச்சான், "தாய்மாமன் தன் கையாலேயே பின்னின தொப்பி" என்று அறிவித்து, "நீங்களே ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்று மைக்கை என் கணவரிடமே கொடுத்தார்.

அவர் பிள்ளையின் தலையைப் பார்த்தார். அது தன்னுடைய தொப்பி இல்லை என்று அவருக்குத் தெரியும், தான் போட்ட முடிச்சு தெரியாத வலைக்காரன் உண்டா? பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் கொடுத்த வாக்கும் நினைவில் இருந்தது, முகத்தில் தெரிந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"எல்லாருக்கும் நன்றி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நேராகப் போனேன். நாத்தனார் மடியில் தூங்கிய பிள்ளையின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினேன். பின்னி முடித்த கடைசி நுனியை உள்ளே செருகி ஒளித்துவைப்பது எங்கள் வழக்கம், எங்கே இருக்கிறது என்று பின்னியவளுக்குத்தான் தெரியும். நகத்தால் நெம்பி எடுத்து இழுத்தேன்.

சரசரவென்று வந்தது. விளிம்பு போயிற்று, பூ வரிசை போயிற்று, உச்சி வட்டமும் போயிற்று.

"ஏளா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? நல்ல நாளும் அதுவுமா" என்று மாமியார் எழுந்து வந்தார்.

"உங்க மவன் போட்ட தொப்பிய இப்படி இழுக்கச் சொல்லுங்க மாமி. அது வராது. பையிலதான் கிடக்கு, எடுத்துப் பாருங்க."

யாரும் எடுக்கவில்லை. என் கையில் நூல் மட்டும்தான் இருந்தது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஊசியை எடுத்து, நூலோடு சேர்த்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்தேன்.

"போடுங்க" என்றேன்.

அவர் நூலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, ஒரு நொடி எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் நூலைத் திரும்ப வாங்கக் கையை நீட்டவில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்று நின்றேன்.

அவர் மைக்கைத் தூக்கினார். "எனக்குத் தெரியாது" என்றார். என்னைக் காட்டி, "இத அவதான் போட்டா. உடுப்பும் அவ போட்டதுதான். அக்கா பிள்ளையளுக்கு என் பேருல போனதெல்லாம் அவ போட்டதுதான்" என்றார்.

சொல்லிவிட்டார். எத்தனையோ வருஷமாக நான் கேட்க நினைத்த வார்த்தை, மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள் என்று நினைத்து, சேலையைக்கூடச் சரிசெய்தேன்.

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். என் கணவரைப் பார்த்துத் தட்டினார்கள். மச்சான் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "எவ்வளவு பெரிய மனசு" என்றார் ஒருவர். மாமியார் மறுபடியும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். என் மகள் போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

குலசேகரன்பட்டினத்து அத்தை என் தோளில் தட்டினார். "இத்தன பேரு முன்னால ஒத்துக்கிட்டான் பாத்தியாளா. இப்படி ஒரு புருசன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

என் கணவரின் தோளில் யாரோ சால்வை போட்டார்கள். அதைச் சரிசெய்துகொள்ளக் கை வேண்டியிருந்ததால், நூலையும் ஊசியையும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஃபேன் காற்றில் பிள்ளையின் தலை வெறுமனே கிடந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கண்ணியைப் போட்டேன்.