கிழங்குத் தூளில் புரட்டிய கட்லட்

காய்ந்த குச்சிக்கிழங்கு வில்லைகளைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து அம்மிக் குழவியால் அம்மா உருட்டும்போது, சரளை ரோட்டில் சைக்கிள் போவது போல நறநறவென்று ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தம் கேட்டால் அன்று சனிக்கிழமை, எங்கள் வீட்டில் கட்லட் என்று அர்த்தம். மரவள்ளியைத்தான் எங்கள் பக்கம் ‘குச்சிக்கிழங்கு’ என்போம்; மாரண்டஹள்ளிக்கு வெளியே எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலத்தில் தக்காளி போக மீதி இடமெல்லாம் அதுதான். ரொட்டித் தூளுக்குப் பதிலாக அம்மா அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். சமையல் குறிப்பாக யாருக்காவது பயன்பட்டால் பயன்படட்டும், எங்கள் வீட்டுக்கு இனி அது தேவைப்படாது.

என் தங்கை வசந்தி என்னைவிட நான்கு வயது சின்னவள். ஆறு வயதில் அவளுக்கு வயிறு உப்பி, கைகால் சூம்பி, தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போயிற்று. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், தர்மபுரியில் இரண்டு டாக்டர்களைப் பார்த்தார்கள், கடைசியில் ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு பஸ் ஏறினார்கள். அங்கே ஒரு வயதான டாக்டர்தான் அவளுக்குக் கோதுமை ஆகாது என்று கண்டுபிடித்தார். “கோதி பேடம்மா, ஒந்து சூரூ பேடா” என்று அவர் கன்னடத்தில் சொன்னதை, கோதுமை ஒரு துணுக்குக்கூட வேண்டாம் என்று சொன்னதை, அம்மா வீட்டுக்கு வந்தும் பல நாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. அதோடு அம்மா நிற்கவில்லை. மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. “மில்லுக்குப் போயி வந்த மாவு ஒண்ணுகூட எம்புள்ள வாயில படக்கூடாது” என்றாள். அரிசி மாவும் ராகி மாவும் அப்படியே நின்றுபோயின. “என்னாக்கா, ஊரே திங்கற கோதுமையில உம்புள்ளைக்கி மட்டும் வெசமா?” என்று சித்தி கேலி செய்தாள். அம்மா கல்யாண வீடுகளுக்கும் வசந்தியின் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போனாள்.

வசந்தி எதற்கும் அடம்பிடிக்க மாட்டாள். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் சனிக்கிழமை போடும் கட்லட் மட்டும்தான் விதிவிலக்கு. அதற்கும் அழ மாட்டாள், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிடுவாள், அவ்வளவுதான். ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தது அது. அம்மா ஒரு நாள் அவளை அங்கிருந்து இழுத்து வந்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மறு சனிக்கிழமையே வீட்டில் கட்லட் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். தேங்காய்த் துருவலில் புரட்டினால் உருளைக்கிழங்கு சூடாவதற்குள் மேலே தீய்ந்தது. வேர்க்கடலைப் பொடி எண்ணெயில் உதிர்ந்து அடியில் மண்டியது. பொட்டுக்கடலைத் தூள் ‘சதசத’வென்று ஊறியது. கெட்டுப்போனதையெல்லாம் நானும் அப்பாவும் தின்று தீர்த்தோம். கடைசியில் குச்சிக்கிழங்கை வேகவைத்து, வில்லை போட்டு, மாடியில் காயவைத்து, கொரகொரப்பாக உடைத்து, மைதாக் கரைசலுக்குப் பதில் கிழங்குக் கஞ்சியில் முக்கிப் புரட்டினாள். அப்படியொரு மொறுமொறுப்பு! வசந்தி முதல் கட்லட்டைக் கடித்துவிட்டு, “பேக்கரியைவிட நல்லா இருக்குதும்மா” என்றாள். அம்மா எங்களுக்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

உள்ளே வைத்தது கிழங்கு, வெளியே புரட்டியதும் கிழங்கு. வாயு பிடிக்காமல் இருக்குமா? அதனால் மசாலாவில் பெருங்காயம் தாராளமாகப் போட்டாள். வயிற்றுக்கு எது நல்லது என்று எங்களில் யாரைக் கேட்டாலும் பெருங்காயத்தைத்தான் சொல்லியிருப்போம். சாம்பாரில், ரசத்தில் போட்டது போக, காலையில் மோரில் ஒரு சிட்டிகை கரைத்து வசந்திக்குக் கொடுப்பது என் வேலை. அவள் முகத்தைச் சுளிப்பாள். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டதே என்று மூக்கைப் பிடித்துக் குடிக்க வைப்பேன்.

ஆறு மாதத்தில் தேறிவிடுவாள் என்று சொல்லியிருந்தார் டாக்டர். கொஞ்சம் தேறினாள், பிறகு அப்படியே நின்றுவிட்டாள். “பிஸ்கட்டு கிஸ்கட்டு ஏதாச்சும் குடுத்தியாடி?” என்று அம்மா என்னை ஒருமுறை விறகுக் கட்டையால் அடித்தாள். நான் எதுவும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். வசந்திக்குப் பதினோரு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வந்து போன காய்ச்சல்தான், அவள் உடம்பில் அதைத் தாங்கத் தெம்பில்லை. அதற்குப் பிறகு குழவி உருளவில்லை.

இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பெரிய கடையில் கோதுமை சேராத ரொட்டித் தூள் என்று ஒரு பாக்கெட் கண்ணில் பட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து அதேபோலப் படித்தேன். பெருங்காய டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில், கோதுமை மாவு என்று இருந்தது. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன். “மாவு கலக்காம ஏதுங்க? முன்னெல்லாம் கட்டிப் பெருங்காயத்துலயும் அதாங்க சேர்ப்பாங்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பொட்டலம் கட்டப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்கு பஸ் ஏறினேன். அம்மாவுக்கு இது எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது, அங்கே இருக்கும் பெருங்காய டப்பாவை அவள் அறியாமல் எடுத்து வந்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவள் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சறைப் பெட்டியில் தேடினேன், மேல்தட்டிலும் தேடினேன்.

“என்னா தேடற?”

“பெருங்காயம்மா.”

“நம்ம வூட்ல அது ஏது.” ரசத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். “பாப்பா போன அடுத்த வருசமே கடைக்காரரு பேச்சுவாக்குல சொன்னாரு, அதுல என்னா கலக்கறாங்கன்னு. அதுக்கப்புறம் வாங்கல.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“மோர்ல கரைச்சுக் குடுத்தது நீதானே கண்ணு.”

இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அப்பா இல்லை, நிலம் கைமாறிவிட்டது, மாடியில் கிழங்கு காயவைத்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. பெருங்காயம் போடாத ரசத்தை ஊற்றி இருவரும் சாப்பிட்டோம்.