ஒரு கம்பில் ஒரு படை

மகன் துடைப்பக் கட்டையைத் தோளில் சாய்த்து என்னைச் சுடுகிறான். இலங்கையில், எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் அப்பா சுழற்றிய கூத்துக் கம்பு எனக்கு நினைவு வருகிறது.

மன்மதன் கதை ஆடும் காமன் கூத்து ஒத்திகையில் "வில்லாளி!" என்று அப்பா முழங்கினால் அந்தக் கம்பு வில்லாகும். "வேல்காரன்!" என்றால் சீறிப் பாயும். "குதிரை வீரன்!" என்றால் குதிரையே கனைக்கும். ஒரே ஆள் ஒரு படையாக நிற்பதை வாய்பிளந்து பார்ப்போம்.

யுத்த காலத்தில் ஒருநாள் ரோந்து வந்த சிப்பாய் ஒருவன் அங்கே நின்றான். தப்பு மேளச் சத்தம் அடங்கியது.

"எங்க மாதிரி ஆள் இதுல இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"துப்பாக்கி மாதிரி மட்டும் தூக்கிறாதீங்க," அம்மா முணுமுணுத்தாள்.

அப்பா துண்டை மூட்டையாக்கிக் கம்பு நுனியில் கட்டினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு துள்ளி நடந்தார்.

"லீவுல வீட்டுக்குப் போற சிப்பாய்" என்று சிங்களத்திலேயே முழங்கினார்.

அவன் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான்.

"கட்டையத் தாடா," என்கிறேன் மகனிடம், "இன்னொரு சிப்பாயக் காட்டுறேன்."